சவுல் கேட்டதும் தாவீது கேட்டதும்

ஆடுகளின் சத்தம்தான் இஸ்ரவேலின் முதல் அரசரான சவுலைக் காட்டிக்கொடுத்தது. அமலேக்கியரோடு நடந்த போரில் உயிருள்ள எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்பது அவருக்குக் கிடைத்த கட்டளை. இன்று படிப்பவர்களை உலுக்குகிற கடுமையான கட்டளைதான். சவுல் கொழுத்த ஆடு மாடுகளைத் தனியே ஓட்டி வந்துவிட்டு, சொன்னபடியே முடித்தாயிற்று என்று தீர்க்கதரிசி சாமுவேலிடம் முந்திக்கொண்டு சொல்கிறார். அப்படியானால் என் காதில் விழும் இந்தச் சத்தம் என்ன என்று கேட்கிறார் பெரியவர். பழி முதலில் மக்கள்மேல் போகிறது. பிறகுதான் தப்பை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறார் சவுல். ராஜ்யம் கைவிட்டுப் போயிற்று என்று தெரிந்த பிறகு அவர் கடைசியாகக் கெஞ்சியது, மூப்பர்கள் முன்னால் தன் மானத்தைக் காப்பாற்றும்படி.

அவருக்குப் பின் அரசரான தாவீதும் பிடிபட்டார். அவருடைய குற்றம் இன்னும் கொடியது: அடுத்தவர் மனைவியை எடுத்துக்கொண்டு, அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவைத்தார். நாத்தான் என்ற தீர்க்கதரிசி அரண்மனைக்கு வந்து ஒரு ஏழையின் கதையைச் சொன்னார். அந்த ஏழையிடம் இருந்தது ஒரே ஒரு பெண் ஆட்டுக்குட்டி. அவன் தட்டில் சாப்பிட்டு, அவன் மடியில் தூங்கிய அதை ஒரு பணக்காரன் பிடுங்கி விருந்து வைத்துவிட்டான். கதையைக் கேட்டுக் கொதித்த தாவீது, அந்தப் பணக்காரன் தானே என்று அறிந்ததும் உடைந்துபோனார். அந்த நேரத்து ஜெபம் என்ற தலைப்போடு இருப்பதுதான் 51-ஆம் சங்கீதம். அதில் அரியணையைப் பற்றி ஒரு வேண்டுதல்கூட இல்லை. பரிசுத்த ஆவியை என்னிடமிருந்து எடுத்துவிடாதேயும் என்றே அவர் மன்றாடுகிறார்.

ஏன் அப்படிக் கேட்டார்? ஆவி எடுபட்டுப்போனால் ஒரு மனிதன் என்ன ஆவான் என்பதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். தாவீதின் மேல் ஆவியானவர் இறங்கினதாகச் சொல்லும் வசனத்துக்கு அடுத்த வசனமே, ஆவியானவர் சவுலை விட்டு நீங்கினதாகச் சொல்கிறது. கலங்கித் தவித்த அந்த அரசருக்குச் சுரமண்டலம் வாசிக்க அழைத்து வரப்பட்ட இளைஞன்தான் தாவீது. கம்பியில் விரல் ஓடிக்கொண்டிருந்தபோதே ஈட்டி அவரை நோக்கிப் பறந்து வந்தது.

ஆவி என்பதற்கான எபிரேயச் சொல் ரூவாக். காற்று, மூச்சு, ஆவி மூன்றுக்கும் அது ஒரே சொல். ஆவி பிரிந்தது என்று மரணத்தைச் சொல்லும் தமிழருக்கு இது விளங்கக் கடினமில்லை. மூச்சு போல, அது உள்ளே இருக்கும்வரைதான் வாழ்வு.

சவுலுக்கும் அந்த மூச்சு ஒரு காலத்தில் இருந்தது. யாபேஸ் ஊரை முற்றுகையிட்ட அம்மோனியன், சரணடைந்தாலும் எல்லோருடைய வலது கண்ணையும் பிடுங்குவேன் என்றான். வயலிலிருந்து மாடுகளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த சவுலின் காதில் அழுகை விழுந்தது. ஆவி அவர்மேல் இறங்க, படை திரட்டி அந்த ஊரை மீட்டார். முன்பு தன்னை இகழ்ந்தவர்களைக் கொல்லத் துடித்த மக்களையும் அன்றைக்குத் தடுத்து நிறுத்தினார். ஆவியில் நடப்பதன் அடையாளம் வெற்றியைவிட இந்த மன்னிப்பில்தான் துலக்கமாகத் தெரிகிறது. பரவசத்தில் அதைத் தேடினால் ஏமாற நேரும். தாவீதைக் கொல்லத் துரத்திப் போன நாளிலும் சவுல் பரவசமாகித் தீர்க்கதரிசனம் சொன்னார். கொலைவெறி மட்டும் தணியவில்லை.

புதிய ஏற்பாட்டில் கதை வேறு திசையில் விரிகிறது. அரசர், நியாயாதிபதி, தீர்க்கதரிசி என்று சிலர்மேல் மட்டும் வந்த ஆவியானவர், பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் கூடியிருந்த ஆண், பெண் எல்லோர்மேலும் பொழிந்தருளப்பட்டதாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. அதை எடுத்துச் சொன்னவர் பேதுரு என்ற மீனவர். பின்னால் கலாத்தியருக்கு எழுதிய பவுல், ஆவியின் கனியை அன்பில் தொடங்கி இச்சையடக்கம்வரை 9 குணங்களாக வரிசைப்படுத்தினார். எல்லாமே வீட்டிலும் தெருவிலும் நாள்தோறும் பழக வேண்டியவை. அந்தப் பவுலின் எபிரேயப் பெயர் சவுல். அவரும் பென்யமீன் கோத்திரத்தார். முதல் அரசரின் பெயரையே சுமந்தவர் அவர்.

51-ஆம் சங்கீதம் இன்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் வெள்ளிக்கிழமைக் காலைச் செபத்தில் சொல்லப்படுகிறது. ஆவியானவர் விசுவாசியோடு என்றும் தங்கியிருப்பார் என்று நம்புகிறவர்களும் அந்த வேண்டுதலைத் தாண்டிப் போவதில்லை. சவுலின் முகம் அதற்குள் இருக்கிறது.

கில்போவா மலையில் சவுல் மடிந்தபோது, பெலிஸ்தர் அவருடைய உடலைப் பெத்சான் மதிலில் தொங்கவிட்டார்கள். செய்தி யாபேசுக்கு எட்டியது. அங்கிருந்த வீரர்கள் இரா முழுதும் நடந்து வந்தார்கள். உடலை இறக்கி, தங்கள் ஊருக்குச் சுமந்து சென்றார்கள். எலும்புகளை ஒரு மரத்தடியில் புதைத்து 7 நாள் உபவாசம் இருந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட தாவீது, நன்றி சொல்லி அவர்களுக்கு ஆள் அனுப்பினார்.