சாலையில் ஒருவர் விழுந்து கிடந்தால்

காலை ஏழரை மணி. தேர்வு நாள். பள்ளிப் பேருந்தைப் பிடிக்க நீங்கள் விரைந்து செல்கிறீர்கள். சாலையோரத்தில் ஒருவர் இருசக்கர வண்டியோடு விழுந்து கிடக்கிறார்; தலையிலிருந்து குருதி வழிகிறது. சுற்றிலும் பதினைந்து பேர் நிற்கின்றனர். இருவர் கைப்பேசியில் படம் எடுக்கின்றனர். நீங்கள் என்ன செய்வீர்கள்?

இக்கேள்வியை என் வகுப்பில் கேட்டபோது எல்லாரும் "உதவுவோம்" என்றனர். ஒரு மாணவன் மட்டும் தயங்கியபடி, "அப்பா திட்டுவார், ஐயா. நாம் வெளியூர்க்காரர்கள், காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய முடியாது என்பார்" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்னது பல வீடுகளில் சொல்லப்படுவதுதான். அந்த அச்சத்திற்குக் காரணமும் இருந்தது.

முற்காலத்தில் அடிபட்டவரைக் கொண்டு சேர்த்தவரையே கேள்விகளால் துளைக்கும் வழக்கம் இருந்தது. மருத்துவமனைகளும் "இது காவல்துறை வழக்கு" என்று கூறித் திருப்பி அனுப்பியதுண்டு. அவ்வாறு ஓர் ஓட்டுநர் அருகிலிருந்த மருத்துவமனையிலிருந்து தொலைவிலுள்ள வேறொன்றுக்கு அனுப்பப்பட்டு, வழியிலேயே உயிர் நீத்தார் என்னும் செய்தி உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. முதலில் சிகிச்சை, பிறகே நடைமுறைகள். அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் உயிர் காப்பதே முதற்கடமை என 1989இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உதவுபவருக்கான பாதுகாப்பு வருவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. மத்திய அரசு 2015இல் வெளியிட்ட நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016இல் நாடு முழுமைக்கும் கட்டாயமாக்கியது. பின்னர் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 134அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. இதன்படி, நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்குத் தொடர இயலாது. பெயரையும் முகவரியையும் கூறுமாறு அவரை வற்புறுத்தவும் கூடாது. இத்தகையோரைச் சட்டம் 'நல்ல சமாரியர்' என்கிறது. வழியில் குற்றுயிராய்க் கிடந்த அயலானைக் காப்பாற்றிய ஒருவனைப் பற்றி விவிலியத்தில் வரும் கதையிலிருந்து பிறந்த பெயர் அது. அவனும் அந்த ஊருக்கு வெளியூர்க்காரனே!

ஆக, அப்பாவின் அச்சத்திற்குச் சட்டத்தில் விடை உண்டு. மற்றொரு தடை நம் மனத்திற்குள் இருக்கிறது. 1968இல் அமெரிக்க உளவியலாளர் டார்லி, லட்டானே ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தனித்தனி அறையில் அமர்ந்த மாணவர்கள் தலையணி ஒலிக்கருவி வழியே ஒருவர் வலிப்பால் துடிக்கும் குரலைக் கேட்டனர். அது முன்பே பதிவு செய்த குரல் என்பதை அவர்கள் அறியார். தாம் ஒருவரே கேட்கிறோம் என்று எண்ணியவர்களுள் 85 விழுக்காட்டினர் குரல் ஓயுமுன்பே எழுந்து சென்று உதவி தேடினர். இன்னும் நால்வர் கேட்கின்றனர் என்று எண்ணியவர்களுள் 31 விழுக்காட்டினரே அவ்வாறு சென்றனர். எழாதவர்கள் கல்நெஞ்சர் அல்லர். அவர்களிற் பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்தது. வேறு யாரேனும் செய்வார் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தனர். நம் பதினைந்து பேரும் அப்படித்தான் நிற்கின்றனர்.

எனவே கூட்டத்தை நோக்கி, "யாராவது உதவுங்கள்" என்று கூவுவதால் பயன் குறைவு. ஒருவரைச் சுட்டிக்காட்டி, "நீலச் சட்டை அண்ணா, நீங்கள் 112ஐ அழையுங்கள்" என்று கூறுங்கள். இந்தி பேசும் ஊராயின் "பையா" என்றே அழையுங்கள். படம் எடுப்பவரிடமும் அவ்வாறே சொல்லலாம்; கைப்பேசி அவர் கையில்தானே இருக்கிறது! குருதி பெருகும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடிக்கச் செய்யுங்கள். அடிபட்டவரைத் தூக்கி நிறுத்துவதும், மயங்கியவர் வாயில் நீர் ஊற்றுவதும் தீங்காக முடியலாம். ஓடும் வண்டிகளுக்கிடையே நீங்கள் இறங்கிவிடாதீர்கள்.

உங்களால் மட்டுமே இயலும் உதவி ஒன்றும் உண்டு. நாமக்கல் பகுதி லாரிகள் நாடெங்கும் ஓடுகின்றன. வடநாட்டு நெடுஞ்சாலையில் அடிபட்ட ஓட்டுநர் ஒருவர் தமிழில் முனகினால், அங்கு நிற்போருக்கு அது புரியாது. எங்கே வலிக்கிறது, வீட்டில் யாரை அழைக்க வேண்டும் என்று கேட்டுச் சொல்ல உங்களுக்கு இரு மொழிகள் உள்ளன.

தேர்வு என்னாவது? விபத்துக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தைச் சட்டம் 'பொன்னான நேரம்' என்கிறது. விரைந்து சிகிச்சை கிடைத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு அப்போதே மிகுதி. நீங்கள் அந்த ஒரு மணி நேரமும் நிற்க வேண்டுவதில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை பொறுப்பேற்க ஒரு பெரியவர் கிடைத்தால் போதும். சில நாள் அது ஐந்து நிமிடத்தில் முடியும். சில நாள் பேருந்து போய்விடும். தவறவிட்ட தேர்வைப் பற்றிப் பள்ளியில் பேசிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஆசிரியர் எல்லாரும் இதை ஏற்பர் என்று உறுதி கூற மாட்டேன்.

சிந்தித்து எழுதுக

1. பொன்னான நேரத்திற்குள் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்து உயிர் காப்பவருக்கு 5,000 ரூபாய் பரிசு வழங்கும் திட்டத்தை மத்திய அரசு 2021இல் அறிவித்தது. பரிசுக்காக உதவியவரின் செயல் அறமாகுமா? அடிபட்டவர் இடத்தில் இருந்தும் எண்ணிப் பார்க்க.

2. மேற்கண்ட மாணவனின் தந்தைக்கு, அவர் மனம் நோகாதபடி ஒரு கடிதம் எழுதுக.