ஜீப் தினமும் மலையேறுது... புத்தகம் ஏறுமா? போடியில் ஒரு நூலகக் கணக்கு

போடிநாயக்கனூரில் விடியற்காலை என்றால் ஜீப் சத்தம்தான். தூக்குவாளியில் சோறு, கையில் குடை, தலையில் துண்டு என்று பெண்கள் நெருக்கியடித்து ஏறிக்கொள்ள, வண்டிகள் வரிசையாக போடிமெட்டு பக்கம் திரும்பும். 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் கேரளா, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். பகல் முழுக்க செடிக்கு அடியில் குனிந்து காய் எடுத்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் அதே ஜீப்பில் இறங்கி வந்து, அடுப்பு பற்றவைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடித்தால் நாள் முடிந்தது.

இப்போது ஒரு கேள்வி. இந்த ஊரின் பொது நூலகத்தில் ஒரு நிகழ்ச்சி நடக்கிறது என்று வையுங்கள். இவர்கள் எத்தனை மணிக்கு வருவார்கள்?

சின்னக் கேள்விதான். ஆனால், தமிழ்நாட்டின் சிற்றூர் நூலகங்கள் யாருக்கு உதவுகின்றன, யாரை விட்டுவிடுகின்றன என்பது இதற்குள் அடங்கிவிடும்.

நூலகத்துல அப்படி என்னதான் நடக்குது?

‘நாலு பெரியவங்க பேப்பர் படிப்பாங்க, அவ்வளவுதானே?’ என்று நினைப்பவர்கள் கடைசியாக நூலகத்துக்குப் போய் பத்து வருடம் ஆகியிருக்கும்!

இன்று கிளை நூலகங்களில் அதிகம் கண்ணில் படுபவர்கள் டிஎன்பிஎஸ்சி, போலீஸ், வங்கித் தேர்வுகளுக்குப் படிக்கும் இளைஞர்கள். வீட்டில் தனி அறை இல்லாத, கோச்சிங் சென்டருக்குக் கட்ட பணம் இல்லாத ஒருவருக்கு மின்விசிறி, மேசை, அமைதி மூன்றும் இலவசமாகக் கிடைக்கும் இடம் ஊரில் வேறு எது?

அடுத்தது, வாசகர் வட்டம். ஊரில் உள்ள ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள், எழுத்தார்வம் உள்ளவர்கள் சேர்ந்து நூலகரோடு இணைந்து நடத்தும் அமைப்பு இது. நூல் அறிமுகக் கூட்டம், பேச்சுப்போட்டி, கோடை விடுமுறையில் குழந்தைகளுக்குக் கதை சொல்லல், ஓவியம் என நூலகத்தில் ‘நிகழ்ச்சி’ என்று எது நடந்தாலும் பின்னால் பெரும்பாலும் இவர்கள் இருப்பார்கள். 1,000 ரூபாய் செலுத்தி நூலகத்துக்குப் ‘புரவலர்’ ஆகும் வழக்கமும் உண்டு. அந்தப் பலகையில் ஊர்க்காரர்களின் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள்.

நூலகர் தினம் ஆகஸ்டில் வரும். இந்திய நூலகத் துறையின் தந்தை எனப்படும், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதனின் பிறந்தநாளை ஒட்டிய கொண்டாட்டம் அது. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். இந்த நவம்பர் தேதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இதுக்கெல்லாம் காசு யாரு கொடுக்குறா?

நீங்கள்தான். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. தமிழ்நாட்டில் அது சொத்து வரியில் 10 சதவீதம். 3,000 ரூபாய் சொத்து வரி என்றால், 300 ரூபாய் நூலகத்துக்கு. நகராட்சியோ ஊராட்சியோ இதை வசூலித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். கட்டிடம், புத்தகம், நாளிதழ் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தப் பணம்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது முக்கால் நூற்றாண்டு. 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் வந்தது அதுவே முதல்முறை. கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியாரும், சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய ரங்கநாதனும் இதற்குக் காரணம்.

வசூலித்த வரியை உள்ளாட்சிகள் ஒழுங்காகக் கைமாற்றுவதில்லை என்ற புகாரும் கிட்டத்தட்ட அதே அளவுக்குப் பழையது. பெரிய மாநகராட்சிகளே கோடிக்கணக்கில் நிலுவை வைத்த கதைகள் செய்திகளில் வந்திருக்கின்றன. ‘எங்க ஊர்ல வசூலானது எவ்வளவு, நூலகத்துக்குப் போனது எவ்வளவு?’ என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க யாருக்கும் உரிமை உண்டு. கேட்பவர்கள்தான் குறைவு.

ஆக, ஜீப்பில் போகும் தொழிலாளியும் தன் ஓட்டு வீட்டுக்கு வரி கட்டும்போது நூலகத்துக்கும் சேர்த்தே கட்டுகிறார்.

டீக்கடைக்குள்ளே 160 புத்தகம்

போடியிலிருந்து போடிமெட்டு வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர் போனால் மூணாறு. அதைத் தாண்டி ராஜமலை, பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு நிலச்சரிவில் 70 தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினரை இழந்த அதே பெட்டிமுடிதான். அதற்கும் அப்பால், காட்டுக்குள் இருக்கிறது இடமலைக்குடி. முதுவர் பழங்குடிகளின் குடிகள் சிதறிக்கிடக்கும் இடம். 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி ஆனது.

இங்கே பி.வி.சின்னத்தம்பி என்பவர் ஒரு டீக்கடைக்குள் நூலகம் நடத்தினார். பெயர், ‘அட்சரா’ கலை, விளையாட்டு மன்ற நூலகம். முரளி மாஷ் என்று மலைவாசிகள் அழைக்கும் ஆசிரியரின் துணையோடு தொடங்கிய முயற்சி. பத்திரிகையாளர் பி.சாய்நாத் 2014-ல் பெட்டிமுடியிலிருந்து காட்டுப்பாதையில் நடந்தே போய் எழுதிய பிறகுதான் வெளியுலகத்துக்கு இது தெரிந்தது. அப்போது சின்னத்தம்பிக்கு வயது 73.

அலமாரி கிடையாது. சாக்குப்பைகளில் 160 புத்தகங்கள். சேர 25 ரூபாய், மாதம் 2 ரூபாய். புத்தகத்துக்குத் தனியாகக் காசு இல்லை. மலை ஏறி இறங்கிக் களைத்து வருபவர்களுக்குச் சர்க்கரை போடாத கட்டன் சாயாவும் இலவசம். பிஸ்கட், மிக்சருக்கு மட்டும்தான் காசு. யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள் என்பதைப் பதிவேட்டில் சுத்தமாக எழுதி வைத்திருந்தார். 2013-ல் 37 முறை இரவல் போயிருந்தது.

37-ஆ என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். மொத்த இருப்பே 160 என்னும்போது, அது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. சாலையில்லாத காட்டில், முதல் தலைமுறையாகப் படிப்பவர்கள் நிறைந்த இடத்தில்!

அந்தச் சாக்குப்பைக்குள் இருந்தது மசாலா நாவல்கள் இல்லை. பஷீர், எம்.டி., கமலா தாஸ். கூடவே சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும். முதுவர்கள் தங்களை மதுரையிலிருந்து வந்தவர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். தெய்வச் சிலையை முதுகில் சுமந்து வந்ததால் ‘முதுவர்’ என்பது அவர்கள் வாய்மொழிக் கதை. வீட்டில் பேசுவது தமிழோடு நெருங்கிய மொழி. மதுரையை விட்டு மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு மதுரை எரிந்த கதை மலையாள எழுத்தில், டீக்கடை வழியாகக் கிடைத்திருக்கிறது.

இதே முதுவர்கள் போடி பக்கத்து மலையிலும் இருக்கிறார்கள். குரங்கணிக்கு மேலே முதுவாக்குடி என்று ஊர்ப்பெயரே அதைச் சொல்லும்.

ஒரே மலை, ரெண்டு வழி

சின்னத்தம்பியின் கடை வானத்திலிருந்து குதித்ததல்ல. கேரளத்தில் நூலகம் என்பது முதலில் ஊர்க்காரர்கள் தொடங்கும் சமாச்சாரம். பி.என்.பணிக்கர் 1945-ல் 47 கிராம நூலகங்களைச் சேர்த்து திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தை உருவாக்கினார். இன்றும் அங்கே உள்ளூர் குழுதான் நூலகத்தை நடத்தும். நூலக கவுன்சில் அங்கீகாரமும் மானியமும் தரும். அங்கும் நூலக வரி உண்டு, 5 சதவீதம்.

தமிழ்நாட்டில் நூலகம் அரசு அலுவலகம். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று அடுக்கு உண்டு. நன்மை என்னவென்றால், யாருக்கு ஆர்வம் குறைந்தாலும் கதவு திறக்கும், சம்பளம் வரும், புத்தகம் வரும். சிக்கல் என்னவென்றால், கதவு திறக்கும் நேரமும் அரசு நேரம்தான். பகுதி நேர நூலகம் என்றால் இன்னும் மோசம், நாளுக்குச் சில மணி நேரம் மட்டுமே.

எது சிறந்தது என்று பட்டிமன்றம் தேவையில்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. சின்னத்தம்பி புத்தகத்தை வைத்த இடம், மக்கள் எப்படியும் வந்து உட்காரும் இடம். நாம் புத்தகத்தை ஓரிடத்தில் வைத்துவிட்டு, மக்களை அங்கே வரச் சொல்கிறோம்.

இத்தனைக்கும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகும் யோசனை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1931 அக்டோபரில் மன்னார்குடி அருகே மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் ஓடத் தொடங்கியது. கனகசபைப் பிள்ளை என்பவர் தந்த வண்டி அது, பின்னணியில் ரங்கநாதன். கொலம்பியாவில் லூயிஸ் சொரியானோ என்ற பள்ளி ஆசிரியர் இரண்டு கழுதைகள் மேல் புத்தகம் ஏற்றி மலைக்கிராமங்களுக்குப் போனதை உலகமே கொண்டாடியது. நாம் வண்டி கட்டியது அதற்கும் அறுபது வருடங்களுக்கு முன்பு.

போடி மலைக்கும் சுமப்பது பழக்கம்தான். மேலே டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கோட்டகுடிக்கு நூறு வருடத்துக்கு முன்பே ரோப்வே போட்டுத் தேயிலைப் பெட்டியை இறக்கினார்கள். இன்றும் தேர்தல் வந்தால் சாலையில்லாத சில மலைக்கிராமங்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரம் குதிரையில் போய்விடுகிறது.

அப்போ போடியில என்ன செய்யலாம்?

புதுக் கட்டிடம் வேண்டாம். ஏற்கெனவே இருப்பதை வைத்தே சில காரியங்கள் ஆகும். பொது நூலக இயக்ககத்தின் ‘நூலக நண்பர்கள்’ திட்டத்தில், நேரில் வர முடியாதவர்களின் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். முதியவர்கள், மாற்றுத்திறனாளிகளை மனதில் வைத்து யோசித்த திட்டம். ஏலத்தோட்டத் தொழிலாளியும் ‘வர முடியாதவர்’ கணக்கில்தான் சேர வேண்டும். தன்னார்வலராக, அதே தெருவில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண் போதும்.

இன்னொன்று காலண்டர். நூலக நிகழ்ச்சிகளில் பெரியது நவம்பர் 14-ல் தொடங்கும் நூலக வாரம். ஏலக்காய் அறுவடை ஆடி, ஆவணியில் தொடங்கி தை வரை போகும்; உச்சம் அக்டோபர், நவம்பர். அதாவது நூலகம் விழா எடுக்கும் வாரத்தில்தான் போடியின் ஜீப்புகள் நிறைந்து வழியும். கீழே ஊருக்குள் காய் தரம் பிரிக்கும் பெண்களுக்கும் அப்போதுதான் கை ஓயாத வேலை. ஸ்பைசஸ் போர்டு மின்-ஏலத்துக்குக் காய் குவிகிற நேரமும் அதுவே.

மாறாக, மாசி முதல் வைகாசி வரை தோட்டத்தில் வேலை மெலியும். பிள்ளைகளுக்கும் பின்பாதியில் கோடை விடுமுறை. அம்மாவும் பிள்ளையும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கும் சில வாரங்கள் வருடத்தில் இவை மட்டுமே. கோடை முகாமை ‘மாணவர்களுக்கு மட்டும்’ என்று அறிவிக்காமல், மாலை ஏழு மணிக்கு மேல் குடும்பத்தோடு வரச் சொல்லிப் பார்க்கலாம். கூலிக் கணக்கு எழுதுவது, வங்கிச் செயலி பயன்படுத்துவது, பிள்ளையின் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது என்று தொடங்கினால், கதைப்புத்தகம் பின்னாலேயே வரும்.

இதை முடிவு செய்ய சென்னையிலிருந்து உத்தரவு வரவேண்டியதில்லை. வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசி, நூலகரும் மாவட்ட நூலக அலுவலரும் ஒத்துக்கொண்டால் போதும். அந்தக் கூட்டத்தில் தோட்டத் தொழிலாளி ஒருவரும் உட்கார்ந்திருந்தால், ஜீப் எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதை அவரே சொல்லிவிடுவார்.