ஒட்டுப் போட்ட கிதார்!

அமெரிக்காவில், கலிபோர்னியாவைச் சேர்ந்த பாசடீனா நகரில் எட்டி வான் ஹேலன் என்ற வாலிபர் இருந்தார். மின்சார கிதார் வாசிப்பவர்.

1970-களில் அவருக்கு ஒரு மனக்குறை. கிப்சன் கிதாரின் கனத்த நாதம் வேண்டும். ஃபெண்டர் கிதாரில் சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடியும் வேண்டும். அவர் விரும்பியபடி இரண்டும் சேர்ந்த கிதார் கடையில் இல்லை.

என்ன செய்தார் தெரியுமா? தானே செய்யத் துணிந்தார்!

குறையுள்ளது என்று ஒதுக்கிய உடற்கட்டையை 50 டாலருக்கு வாங்கினார். கழுத்துக்கு 80 டாலர். கட்டையை உளியால் குடைந்து, பழைய கிப்சனிலிருந்து கழற்றிய 'பிக்-அப்'பைப் பொருத்தினார். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம் அது. சத்தம் கூடும்போது அது கிறீச்சிடாதிருக்க, உருக்கிய மெழுகில் முக்கினார். இந்தச் சோதனையில் பல பிக்-அப்கள் பாழாயின. அவர் விடவில்லை.

1978-ல் வெளிவந்த 'வான் ஹேலன்' இசைத்தட்டில் முழங்கியது இந்த ஒட்டுக் கிதார்தான். கேட்டவர்கள் அசந்துபோனார்கள்.

2020-ல் எட்டி காலமானார். அதற்கு முன்பே, 2007-ல், ஃபெண்டர் கம்பெனி அந்தக் கிதாரைக் கீறல்கூட மாறாமல் பார்த்து 300 கிதார்கள் செய்தது.

ஒன்றின் விலை 25,000 டாலர்!