ஆறு மாத டிசைன் படிப்பில் என்ன கற்க வேண்டும்?

கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரிப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால் யாராவது ஒரு பெற்றோர் இதைக் கேட்டுவிடுகிறார்: "பொண்ணு நல்லா வரையும் சார். பிளஸ் டூ முடிச்சிருக்கு. ஆறு மாசம் கிராஃபிக் டிசைன் கோர்ஸ் இருக்குதாம். சேத்து விடலாமா?" தாராளமாகச் சேர்த்துவிடலாம். ஆனால் அந்த ஆறு மாதத்தில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்து சேர்த்துவிட வேண்டும். இன்னொரு டீ சொல்லுங்கள், நிதானமாகப் பேசுவோம்.

இந்தத் துறையில் நீண்ட படிப்புகளும் உண்டு. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. அங்கே காட்சித் தொடர்பு வடிவமைப்பில் பட்டம் வாங்க நான்கு ஆண்டுகள் ஆகும். 1961-இல் தொடங்கிய அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் இளநிலைப் படிப்பு நான்கு ஆண்டுகள்தான். தரமணியில் அரசின் அச்சுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே மூன்று ஆண்டு டிப்ளமோ. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் 'டெஸ்க்டாப் பப்ளிஷிங் ஆபரேட்டர்' என்று ஓராண்டுப் பிரிவு உண்டு. அரசு ஐ.டி.ஐ. என்றால் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் வரும். எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இருக்காது என்பதால் கலந்தாய்வுக்கு முன்பே பட்டியலைப் பார்த்துவிடுங்கள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று கல்லூரிகளும் பயிற்சி மையங்களும் தரும் சான்றிதழ்ப் படிப்புகள் இவற்றுக்கு அடுத்த படி.

நான்கு ஆண்டில் ஊறி வருவது ஆறு மாதத்தில் வராது. ஆனால் ஒரு பிரஸ்ஸிலோ, அட்டைப்பெட்டி கம்பெனியிலோ, ஃப்ளெக்ஸ் கடையிலோ போய் உட்கார்ந்து தொழில் பழகும் அளவுக்கு ஒரு பிள்ளையைத் தயார் செய்ய அந்த ஆறு மாதம் போதும். வேலைக்குப் போயாக வேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

பெரும்பாலான இடங்களில் பாடம் என்பது மென்பொருள்தான். கோரல் டிரா, போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் என்று ஒவ்வொன்றிலும் கருவிகளைக் காட்டுவார்கள். தேவைதான். ஆனால் தையல் மெஷின் மிதிக்கத் தெரிந்தவர் எல்லாருக்கும் சட்டை வெட்டத் தெரிந்துவிடாது. பிரஸ்ஸில் சேர்ந்த முதல் வாரமே இது தெரிந்துவிடும். திரையில் நிறம் ஒளியாக வருகிறது, காகிதத்தில் மையாக வருகிறது. திரையில் பளிச்சென்று இருந்த பச்சை நான்கு மையில் அச்சானதும் மங்கிப் போகும். ஓரம்வரை நிறம் வரும் அட்டைக்கு வெட்டும் அளவைத் தாண்டி 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும், இல்லாவிட்டால் கட்டிங்கில் வெள்ளைக்கோடு விழும். சின்ன எழுத்தைத் தனிக் கறுப்பில்தான் வைக்க வேண்டும். நான்கு மையையும் கலந்து கறுப்பாக்கினால் பிளேட் துளி நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் தட்டும். வாட்ஸ்அப்பில் வந்த லோகோவைப் பெரிதாக்கினால் பல் பல்லாகத் தெரியும், அதைத் திரும்ப வரைந்துதான் ஆக வேண்டும். ஃபைலை வெளியே அனுப்பும்போது எழுத்தைக் 'கர்வ்' ஆக்கி, அதாவது வெறும் வரைவடிவமாக மாற்றி அனுப்ப வேண்டும், அங்கே அந்த எழுத்துரு இல்லாமல் போகலாம். இத்தனையும் ஆறு மாதத்துக்குள் அடங்கும். சொல்லிக் கொடுக்க, பிரஸ் பார்த்த ஆசிரியர் வேண்டும்.

அடுத்து தமிழ் எழுத்து. பாடத்திட்டங்களில் நான் அதிகம் வருத்தப்படுவது இதற்காகத்தான். நம் பிள்ளைகள் வேலையில் தொடப்போகும் மேட்டரில் பெரும்பங்கு தமிழாக இருக்க, பயிற்சியெல்லாம் ஆங்கில எழுத்தில் நடக்கிறது. போட்டோஷாப்பில் தமிழை ஒட்டினால் 'கொ' உடைந்து கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம் என்று சிதறும். எழுத்துப் பகுதியின் அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இதைச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும். சொல்லித்தராவிட்டால் ஒரு பிள்ளை எழுத்தை ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்திக்கொண்டு கிடக்கும்.

தமிழ்நாடு அரசு 1999-இல் தமிழ்99 விசைப்பலகையையும் 2010-இல் யூனிகோடையும் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய எழுத்துருக்களில் சேமித்த ஃபைல்கள் பிரஸ்களில் இன்னும் புழங்குகின்றன. வாடிக்கையாளர் போனில் அனுப்புவது யூனிகோடு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றவும், மாற்றிய பிறகு புள்ளி, கொம்பு, கால் சரிபார்க்கவும் தெரிந்த ஆளுக்கு எந்த பிரஸ்ஸிலும் மதிப்பு இருக்கிறது. தமிழ் எழுத்து அகலமானது. ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்கும் செய்தி தமிழில் ஒன்றரை வரி கேட்கும். மேலே 'கீ' சுழிக்கும், கீழே 'கூ' இறங்கும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் இவை முட்டிக்கொள்ளும். கேட்டமரன், முக்தா மலர், பாலூ தம்பி, ஹிந்த் மதுரை போன்ற நல்ல தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை வரிசையாக அச்செடுத்து, எது சின்ன அளவில் படிக்க வருகிறது, எது தலைப்புக்குத்தான் ஆகும் என்று பார்ப்பது நல்ல பயிற்சி. 2010-இல் மத்திய அரசு ஏற்ற ரூபாய்க் குறியீட்டை வரைந்த உதயகுமார், மும்பை ஐ.ஐ.டி.யில் ஆராய்ந்தது தமிழ் எழுத்து வடிவங்களைத்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, காக்களூர், அம்பத்தூர் என்று சுற்றிலும் தொழிற்பேட்டைகள். டிசைன் என்றதும் பிள்ளைகள் சினிமா போஸ்டரையும் இன்ஸ்டாகிராமையும் நினைக்கிறார்கள். ஆசைப்படட்டும். ஆனால் ஒவ்வொரு கம்பெனியிலும் அட்டைப்பெட்டி, லேபிள், கேட்லாக், எச்சரிக்கைப் பலகை என்று வேலை குவிந்து கிடக்கிறது. அட்டைப்பெட்டியில் மெல்லிய கோடு நிற்காது, மை பரவி அடைத்துக்கொள்ளும். அங்கே ஒன்றிரண்டு நிறமும் தடித்த எழுத்தும்தான் எடுபடும். பார்கோடு ஸ்கேனர் பலவற்றில் ஒளி சிவப்பு. அதனால் கோடுகளைச் சிவப்பில் வைத்தால் கண்ணுக்குத் தெரியும், ஸ்கேனருக்குத் தெரியாது. உணவுப் பொட்டலத்தில் 14 இலக்க உரிம எண், சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம், தயாரிப்பாளர் முகவரி, எடை, அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும். எடையைக் காட்டும் எண்ணின் உயரத்துக்கும் விதி உண்டு. அழகாக இருக்கட்டும் என்று அதைச் சிறிதாக்க டிசைனருக்கு உரிமை கிடையாது.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது பாதுகாப்புப் பலகைகளை. உருக்காலை, ரசாயனம், வாகன உதிரிபாகம் என்று ஓடும் பகுதி இது. உள்ளூர் ஆட்களோடு பீகார், ஒடிசா, வங்கத்திலிருந்து வந்தவர்களும் ஒரே ஷிஃப்டில் நிற்கிறார்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆம் பிரிவே, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. அந்தப் பெரும்பான்மைக்கு வெளியே நிற்பவருக்குப் படம்தான் மொழி. நீல வட்டம் என்றால் கட்டாயம் செய், மஞ்சள் முக்கோணம் என்றால் கவனம், சிவப்பு வளையத்தில் குறுக்குக் கோடு என்றால் செய்யாதே, பச்சைச் சதுரம் என்றால் பாதுகாப்பான வழி. பெரும்பாலான நாடுகளில் இதே இலக்கணம்தான். கையுறை போடு என்பதை மஞ்சளில் அடித்து மாட்டினால் இலக்கணம் கலைகிறது, ஒரு மனிதரின் விரல் போகிறது. டிசைன் உயிரைக் காக்கும் வேலை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

ஆகவே இந்தப் பகுதியில் படிக்கும் பிள்ளைக்கு இறுதித் திட்டப்பணியாக ஒரு பலகையைக் கொடுக்க வேண்டும். தமிழ், இந்தி, ஒடியா, ஒரு படம். அச்சடித்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். தமிழ் படிக்கத் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, "என்ன புரிகிறது?" என்று கேட்க வேண்டும். அவர் தவறாகச் சொன்னால் திரும்ப வரைய வேண்டும். எந்த மென்பொருளில் செய்தாலும் சரி. வீட்டில் பழக இங்க்ஸ்கேப், கிம்ப் இரண்டும் இலவசம், திருட்டுப் பிரதி தேவையில்லை. இப்போது டெம்ப்ளேட்டில் ஐந்து நிமிடத்தில் அழைப்பிதழ் செய்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு கம்பெனியின் ஷிஃப்டில் யார் யார் நிற்கிறார்கள், அவர்கள் எதைப் படிப்பார்கள் என்று போய்ப் பார்த்து வருவது டெம்ப்ளேட்டில் கிடையாது.

சேரும் இடத்தில் பணம் கட்டுவதற்கு முன், பெற்றோரே, ஒன்றைக் கேளுங்கள். "போன பேட்ச் பிள்ளைகள் செய்ததை அச்சடித்த தாளாகக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கணினித் திரையில் காட்டினால் போதாது. ஒரு லேபிள், ஒரு பெட்டி, தமிழில் ஒரு பலகை கையில் கொடுத்தால் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். சான்றிதழின் மாதிரியை மட்டும் நீட்டினால் எழுந்து வந்து வேறு இடம் பாருங்கள்.