சென்னைக்கு மூத்த பூந்தமல்லி

வடக்கே கூவம், தெற்கே அடையாறு. இரண்டுக்கும் நடுவே மேடு பள்ளமில்லாத சமவெளியில் கிடக்கிறது பூந்தமல்லி. தென்மேற்கே கூப்பிடு தூரத்தில் செம்பரம்பாக்கம் ஏரி. சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்கோ பெங்களூருக்கோ புறப்படுகிறவர் இந்த ஊரைத் தொட்டுத்தான் போகவேண்டும். இந்த ஊரின் வரலாறு முழுக்க அந்தச் சாலையில்தான் நடந்திருக்கிறது.

பதினோராம் நூற்றாண்டில் திருக்கச்சி நம்பி இங்கே பிறந்தார். சொந்த நந்தவனத்தில் பூப்பறித்து, மாலை கட்டி, காஞ்சி வரதருக்குச் சுமந்து போனவர். அங்கே ஆலவட்டம் வீசுவதுதான் அவர் கைங்கரியம். ராமாநுஜர் தம் ஐயங்களுக்குப் பெருமாளிடம் விடை கேட்டு வரச்சொன்னது இவரிடம்தான் என்கிறது வைணவ மரபு. நடக்கமுடியாத முதுமையில் வரதரே இவரைத் தேடி வந்தார் என்பது ஐதீகம். பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலில் நம்பிக்குத் தனிச் சன்னிதி உண்டு.

அதே சாலையின் மறுமுனையில் 1639-இல் நடந்ததுதான் பெரிய கதை. கிழக்கிந்தியக் கம்பெனியாரான பிரான்சிஸ் டேவுக்கு மதராசப்பட்டினத்தில் கோட்டை கட்ட இடம் கொடுத்தவர் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர். அவருக்காகக் கடலோரத்தை நிர்வகித்த தம்பி அய்யப்ப நாயக்கர் குடியிருந்தது பூந்தமல்லியில். வெள்ளையரைக் கூப்பிட்டுக் குடியேற்றுவதில் அவர் காட்டிய ஆர்வம் இல்லையென்றால் ஜார்ஜ் கோட்டை வேறெங்கோ எழுந்திருக்கும். ஆகஸ்ட் 22-ஆம் தேதி சென்னை தினம் கொண்டாடுகிற நாம் இந்த ஊரை நினைப்பதே இல்லை. எனக்கு அது பெரிய மனக்குறை.

ஆங்கிலேயர் காலத்தில் பூந்தமல்லி ராணுவ முகாம் ஆனது. சீமையிலிருந்து கப்பலில் வந்த சிப்பாய்கள் படைப்பிரிவுகளுக்குப் போகுமுன் இங்கே தங்கினார்கள். நோயுற்றவர்களும் உடம்பு தேற இங்கேதான் வந்தார்கள்.

இன்று நகராட்சி. பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி, பொதுச் சுகாதாரப் பயிற்சி நிலையம் எல்லாம் உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கு மரண தண்டனை விதித்த தடா நீதிமன்றமும் இங்கிருந்ததுதான். வெளியூர்க்காரர் பலருக்கு அந்த ஒன்றுதான் நினைவிருக்கிறது.

சென்னைக் கலங்கரை விளக்கத்திலிருந்து வரும் மெட்ரோ தடம் இங்கே வந்து முடியும்படி திட்டமிடப்பட்டிருக்கிறது. அந்த நிலையச் சுவரில் நம்பியையும் அய்யப்ப நாயக்கரையும் பற்றி நான்கு வரியாவது எழுதி வைக்கவேண்டும். நகராட்சி அதைக் கேட்டு வாங்கட்டும்.