கொழுப்புக்குள் ஒளிந்திருக்கும் ஸ்டெம் செல்... ஆக்சிஜன் குறைந்தால் என்ன செய்யும்?

தொப்பையைக் குறைக்க 'லைப்போசக்‌ஷன்' முறையில் உறிஞ்சி எடுக்கப்படும் கொழுப்பு, ஒரு காலத்தில் நேராகக் குப்பைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. 2001-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர் பேட்ரிசியா ஸக் தலைமையிலான குழு, அந்தக் கொழுப்புக்குள்ளும் ஸ்டெம் செல்கள் இருப்பதாக அறிவித்தது. எலும்பு, குருத்தெலும்பு, தசை என வேறு செல்களாக மாறும் திறன் அவற்றுக்கு உண்டு என்றும் அந்தக் குழு சொன்னது.

இந்த செல்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஆக்சிஜன் குறையும்போதுதான் அது வெளியே தெரியும்.

வீட்டிலேயே ஆக்சிஜன் குறைவுதான்!

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவிகிதம். உடலுக்குள் இருக்கும் கொழுப்புத் திசுவிலோ அது ஒற்றை இலக்க சதவிகிதம்தான். ஆக, சாதாரணக் காற்றில் வைத்து வளர்ப்பதுதான் இந்த செல்களுக்குப் புதிய சூழல். அதனால்தான் பல ஆய்வகங்களில் நைட்ரஜனைச் செலுத்தி, ஆக்சிஜனை 1 முதல் 5 சதவிகிதம் வரை குறைத்து இவற்றை வளர்க்கிறார்கள்.

செல்லுக்குள் ஒரு காவலாளி

செல்லுக்குள் 'ஹிஃப்-1 ஆல்ஃபா' என்றொரு புரதம் ஓயாமல் உற்பத்தியாகிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால், சில நிமிடங்களிலேயே அது சிதைக்கப்பட்டுவிடும். ஆக்சிஜன் குறைந்தால் சிதையாமல் தங்கி, செல்லின் உட்கருவுக்குள் போய்ப் பல மரபணுக்களை இயக்கிவிடும். உடனே செல், ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைத்து சக்தி எடுக்கத் தொடங்கும். புதிய ரத்த நாளங்களை வளரத் தூண்டும் 'வி.இ.ஜி.எஃப்' என்ற புரதத்தையும் வெளியே அனுப்பும். செல்கள் ஆக்சிஜன் அளவை உணரும் இந்த முறையைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்ஸா மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் இதை அளந்து பார்த்தார்கள். ஆக்சிஜன் குறைந்தபோது, கொழுப்பு ஸ்டெம் செல்கள் வெளியிட்ட வி.இ.ஜி.எஃப் சுமார் 5 மடங்கு உயர்ந்தது. அந்த செல்கள் வளர்ந்த திரவத்தைச் சேர்த்ததும், ரத்த நாளச் சுவரின் செல்கள் வேகமாகப் பெருகின, சாவதும் குறைந்தது.

ஜப்பானில் எலிகளிடம் நடந்த ஆய்விலும் இதே குணம் தெரிந்தது. கொழுப்பை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்தபோது, சாதாரணக் கொழுப்பு செல்களில் பெரும்பாலானவை முதல் நாளிலேயே மடியத் தொடங்கின. ஸ்டெம் செல்களோ மூன்று நாள் வரை தாக்குப்பிடித்தன.

அதற்காக இவை சாகாவரம் பெற்றவை என்று நினைத்துவிடக் கூடாது. ஆக்சிஜனோடு குளுக்கோஸும் தீர்ந்துபோனால் இவையும் மடிந்துவிடும்.

விளம்பரத்தை நம்பலாமா?

ரத்த ஓட்டம் குறைந்த இதயம், ஆறாத புண் போன்றவற்றுக்கு இது உதவுமா என்று ஆராய்ச்சிகள் நடக்கின்றன. ஆனால், ஆய்வகக் கிண்ணத்தில் கிடைத்த வெற்றி, மனித உடலிலும் அப்படியே கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 'கிரோன்ஸ்' என்ற குடல் நோயால் வரும் ஃபிஸ்டுலாவுக்கு, கொழுப்பு ஸ்டெம் செல்லிலிருந்து தயாரான 'அலோஃபிசெல்' என்ற மருந்தை ஐரோப்பா 2018-ல் அனுமதித்தது. அடுத்து நடந்த பெரிய ஆய்வில் பலன் நிரூபணமாகாததால், 2024-ல் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

அவசரம் காட்டினால் ஆபத்தும் உண்டு. ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக்கில், வயதானதால் விழித்திரை பாதிக்கப்பட்ட மூன்று பெண்களுக்கு, அவர்களின் கொழுப்பிலிருந்தே எடுத்த செல்கள் இரு கண்களிலும் ஊசி மூலம் செலுத்தப்பட்டன. மூவருமே பார்வையைப் பெருமளவு இழந்தனர். 2017-ல் மருத்துவ இதழில் வெளியான இந்தச் செய்தி உலகையே உலுக்கியது.

இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ரத்தம் தொடர்பான நோய்களுக்குச் செய்யப்படும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை மட்டுமே அங்கீகரிக்கப்பட்டது. மற்றவற்றை, முறையாக அனுமதி பெற்ற ஆய்வுகளில்தான் பயன்படுத்தலாம். ஆய்வில் பங்கேற்க நோயாளியிடம் கட்டணம் வாங்கவும் கூடாது.

எனவே, 'உங்கள் கொழுப்பே உங்களுக்கு மருந்து' என்று யாராவது பேக்கேஜ் விலை சொன்னால், பணத்தை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது அனுமதி பெற்ற ஆய்வா? பதிவு எண்ணைக் காட்டுங்கள்!"