மண்ணுக்கு ஒரு கோவணம்

2021இல் சுவிட்சர்லாந்தில் விவசாயிகளும் வீட்டுத் தோட்டக்காரர்களும் புத்தம்புதிய வெள்ளைப் பருத்தி ஜட்டிகளை மண்ணில் புதைத்தார்கள். வேண்டுதல் எதுவும் இல்லை. அக்ரோஸ்கோப் என்ற வேளாண் ஆய்வு நிறுவனமும் சூரிச் பல்கலைக்கழகமும் நடத்திய பரிசோதனை அது. ஆளுக்கு இரண்டு ஜட்டி: ஒன்றை ஒரு மாதத்தில் தோண்ட வேண்டும், மற்றதை இரண்டு மாதத்தில். உயிருள்ள மண்ணில் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் இடுப்பு எலாஸ்டிக்தான்.

பருத்தி என்பது ஏறக்குறைய முழுக்கவே செல்லுலோஸ். மண்ணில் வாழும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் செல்லுலேஸ் என்ற நொதியைச் சுரந்து அதைச் சர்க்கரையாக உடைத்துத் தின்கின்றன. எலாஸ்டிக்கை அவற்றால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. நம் விவசாயிகள் வாங்கும் மண்வள அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்து தொடங்கி 12 அளவுகள் இருக்கும். மண்ணில் உயிர்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கின்றன என்பது அதில் வராது. அதைத் துணி சொல்லிவிடும்.

பள்ளியில் செய்து பார்க்க ஜட்டி தேவையில்லை, பழைய வேட்டி போதும். ஆனால் இன்றைய வேட்டிகள் பலவற்றில் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. ஆசிரியரை வைத்துக்கொண்டு ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் கருகும் வாசனை வந்து சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. உருகி உருண்டை கட்டினால் வேண்டாம். கஞ்சி போட்ட துணி என்றால் அலசிவிடுங்கள், நுண்ணுயிர்கள் முதலில் கஞ்சியைத்தான் காலி செய்யும்!

ஒரு சாண் சதுரமாக ஒரே அளவில் துண்டுகள் வெட்டி, உலர்ந்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றை எருக்குழி ஓரம், ஒன்றை வேப்பமரத்தடியில், ஒன்றை எல்லோரும் மிதித்து இறுகிய விளையாட்டுத் திடலில் புதையுங்கள். மண்வெட்டியால் கீறி, துணியின் ஒரு விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி நெட்டுக்குத்தாகச் செருகினால் போதும். மறக்காமல் குச்சி நடுங்கள். இரண்டு மாதத்தில் இடம் மறந்துபோகும். எடுத்த துணியை மெல்ல அலசி, நிழலில் உலர்த்தி மறுபடி எடை போடுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. சித்திரை வெயிலில் காய்ந்த மண்ணில் துணி அப்படியே கிடக்கும். நீர் தேங்கிய மண்ணிலும் காற்றில்லாமல் மட்கல் மந்தப்படும். அதற்காக அந்த மண்ணைச் செத்த மண் என்று எழுதிவிடக் கூடாது. மூன்று இடத்துக்கும் ஒரே நாளில் துணி புதைத்து, ஒரே அளவு தண்ணீர் ஊற்றியிருந்தால்தான் எடைகளை ஒப்பிட முடியும்.